வடிவு போய்ச் சொன்னாளா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தப்பான தீர்ப்புச் சொன்னேன்.

பயப்படாதீர்கள், ஹைகோர்ட்டில் இல்லை. பம்பாய் மாட்டுங்காவில், எங்கள் பேட்டையின் தமிழ் வாசகசாலையில். பட்டிமன்றம். நடுவர் — அடியேன். வாரா வாரம் பத்தி எழுதுகிறவனுக்கு நியாயம் தெரிந்திருக்கும் என்று ஜனங்கள் எப்படித்தான் நம்புகிறார்களோ!

எனக்கு இப்போதெல்லாம் எல்லாமே அலுப்பாக இருக்கிறது. ஆறு நாள் ரயிலில் தொங்கிக்கொண்டு ஃபோர்ட்டில் இருக்கிற ஆபீசுக்குப் போய், ஆறு நாள் தொங்கிக்கொண்டு திரும்புகிற மனுஷனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. அதிலும் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, கதையில் வருகிற இரண்டு பெண்களில் எவள் நல்லவள் என்று தீர்ப்புச் சொல்லப் போக வேண்டுமா? ஆனால் வாசகசாலைச் செயலாளர் வாசலில் வந்து நின்றால் நின்றதுதான். "நீங்க வரலேன்னா கூட்டமே இல்லை சார்" என்றார். போன வருஷத்து நடுவரிடமும் இதையேதான் சொன்னார். அது தெரிந்தும் போனேன்.

விஷயம் இதுதான். வாசகசாலையில் தடியாக ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. அது புத்தகமாக அச்சாகவே இல்லை. வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, விளம்பரங்களை வெட்டி எறிந்துவிட்டு, கதையை மட்டும் கோத்து பைண்டு பண்ணுவோமே... அந்த மாதிரி. சேர்த்தவள் என் மனைவி சரசு. அலமாரியில் இடமில்லை என்று வாசகசாலைக்குக் கொடுத்தவளும் அவள்தான். நான் தொடர்கதையை வாரா வாரம் படிக்கிற ரகம் இல்லை. 'தொடரும்' என்ற எழுத்தைப் பார்த்தாலே எனக்கு ஆயாசம் வந்துவிடும். பைண்டு ஆன பிறகுதான் படித்தேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். ஒரே தெருவில் இரண்டு பெண்கள். அவர்களுடைய ஒன்பதாம் வயதில் ஆரம்பித்து இருபதில் முடிகிறது கதை.

கோமதி வாயாடி. ஆற்றில் முதலில் குதிப்பவள், வாத்தியாரிடம் எதிர்க்கேள்வி கேட்பவள். பையன்களை அடித்துவிட்டு, அடிபட்டவனுக்கு முன்னால் இவளே அழுதுவிடுவாள். வடிவு? பேச்சே கிடையாது. கோமதி நனைந்து வந்தால் மாற்றுப் பாவாடை தயாராக இருக்கும். கோமதி பரீட்சைக்குப் பேனா மறந்தால் வடிவிடம் இரண்டு பேனா இருக்கும். புத்தகம் முழுக்க வடிவு பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட்கார்டில் எழுதி, விலாசமும் எழுதிவிடலாம். ஆனால் ஒருத்தி இல்லாமல் மற்றவளுக்குப் பொழுது விடியாது.

கோமதிக்குக் காலேஜில் படிக்க ஆசை. பதினேழாவது வயதில் அவள்மேல் ஒரு பழி விழுகிறது. எவனோடோ சினிமாக் கொட்டகைக்குப் போனாள் என்று யாரோ அப்பாவிடம் வத்தி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அன்று முழுக்க அவள் வடிவு வீட்டில்தான் இருந்தாள். கூடம் நிறைய ஜனம். "எங்கே போயிருந்தே?" என்று அப்பா கேட்கிறார். "வடிவு வீட்டுக்கு" என்கிறாள் கோமதி. எல்லோரும் வடிவைப் பார்க்கிறார்கள். வடிவு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்... வாயைத் திறக்கவில்லை. கோமதியின் படிப்பு நின்றுவிடுகிறது. 'அன்று இரவு வடிவு தூங்கவில்லை' என்பதோடு அந்த அத்தியாயம் சரி. அடுத்த அத்தியாயத்தில் கோமதிக்குக் கல்யாணம்.

கோமதியின் படிப்பு கெட்டதற்கு வடிவு காரணமா, இல்லையா? இதுதான் பட்டிமன்றம்.

காரணமே என்று பேச வந்தவள் ராஜாத்தி. தாராவிப் பெண், இருபத்திரண்டு வயது. அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். இல்லை என்று பேச வந்தவள் எங்கள் பில்டிங்கில் கீழ் வீட்டில் இருக்கும் பத்மா. இருவரும் டைப்பிஸ்ட். ஒரே இன்ஸ்டிட்யூட்டில் டைப் அடிக்கக் கற்றவர்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மேலே விசாரிக்கவில்லை. நடுவருக்கு எதற்கு ஊர் வம்பு?

ராஜாத்தி எழுந்தாள். அவளுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

"ஒரு வார்த்த! 'ஆமா மாமா, எங்க வீட்லதான் இருந்தா.' இதைச் சொல்ல என்ன காசா பணமா? கூட நிக்கிற மாட்ட அடிச்சா இன்னொரு மாடு கத்துமே! இவ கதவப் புடிச்சிட்டு நிக்கா! நல்லா இருக்கிற வரைக்கும் சிநேகிதி... நாலு பேரு முன்னால நிறுத்திட்டா நீ யாரோ நான் யாரோ. அப்படித்தானே?"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. 'அப்படித்தானே' என்று அவள் கேட்டது சபையைப் பார்த்து இல்லை. பத்மாவைப் பார்த்து. இதை அப்போதே கவனித்தேன். பேச்சு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன், மண்டு!

பத்மா வந்து மைக்கைப் பிடித்தாள். எழுதிக் கொண்டுவந்த காகிதத்தைப் பிரிக்கவே இல்லை.

"வடிவு போயிருப்பா" என்றாள். "மறுநாளாவது போய்ச் சொல்லியிருப்பா."

"எந்தப் பக்கத்துல இருக்கு?" — உட்கார்ந்த இடத்திலிருந்தே ராஜாத்தி கேட்டாள். சபை கொல்லென்று சிரித்தது.

"பக்கத்துல இல்லை... ஆனா போயிருப்பா." அவ்வளவுதான். பத்மா போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கென்ன, சீக்கிரம் முடிந்தது என்று சந்தோஷம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தேன். "நூலில் இல்லாத சாட்சியத்தை இந்த மன்றம் ஏற்பதற்கில்லை. வடிவு குற்றவாளியே!" என்றேன். அதற்கும் சிரிப்பு, அதற்கும் கைதட்டல். செயலாளர் மாலை போட்டார். பத்மா எப்போது எழுந்து போனாள் என்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சரசு காபி கொண்டுவந்தாள்.

"என்ன தீர்ப்பு சொன்னேள்?"

"வடிவுமேலதான் தப்புன்னு."

டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. "ஏன்னா, அவதான் மறுநாள் போய்ச் சொல்றாளே!"

"எங்கே சொல்றா?"

"கோமதியோட அப்பாகிட்டே! அவரோட அரிசிக் கடைக்குப் போய்! அதைப் படிச்சுட்டு நான் அழுதேன், நீங்ககூட கேலி பண்ணினேளே!"

"புஸ்தகத்துல இல்லையே, சரசு."

"இல்லாம எங்கே போகும்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சமையலறைக்குப் போய், மளிகை அலமாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவின் உள்பக்கம் ஒரு அரைப் பக்கக் காகிதம் ஒட்டியிருக்கிறது. 'பிரஷர் குக்கரில் எதற்கு எத்தனை நிமிஷம்?' துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு என்று அட்டவணை. வீட்டுக்குக் குக்கர் வந்த புதிதில் அது வெடித்துவிடும் என்று சரசுவுக்கு உயிர் போகிற பயம். பத்திரிகையில் இந்த அட்டவணை வந்ததும் வெட்டியெடுத்து, மைதாப் பசை காய்ச்சி, கெட்டியாக ஒட்டிவிட்டாள். அட்டவணைக்குப் பின்பக்கம் என்ன அச்சாகியிருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா? அந்த அத்தியாயத்தின் கடைசி அரைப் பக்கம். கதையைத்தான் படித்து அழுதாயிற்றே, இனி அந்தத் துண்டு எதற்கு என்று நினைத்திருக்கிறாள். பிற்பாடு எல்லாவற்றையும் சேர்த்து பைண்டு பண்ணக் கொடுத்தபோது அது அவள் ஞாபகத்திலேயே இல்லை. பைண்டர் பாதிப் பக்கத்தைப் பார்த்தான், விளம்பரத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து வெள்ளைத் தாளை ஒட்டிச் சமன் பண்ணிவிட்டான். படித்த அத்தனை பேரும், என்னையும் சேர்த்து, அதையேதான் நினைத்தோம்.

நாலு வருஷமாக வடிவின் வாக்குமூலம் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் குப்புறக் கிடந்திருக்கிறது!

பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதே குக்கரில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வெயிட் போடாமல் ஆவி பிடித்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி... "மெதுவா, மெதுவா, துவரம்பருப்பு கிழியறது!" என்று சரசு கத்தினாள். இரண்டு மூன்று வரி மரத்தோடு போய்விட்டது. வந்தவரை போதும்.

விடிந்ததும் வடிவு தனியாக அரிசிக் கடைக்குப் போகிறாள். "அன்னிக்கு அவ எங்க வீட்டுலதான் இருந்தா, மாமா" என்கிறாள். கோமதியின் அப்பா தலையைத் தூக்காமல், "எனக்குத் தெரியும்மா" என்கிறார். "படிப்பை நிறுத்தணும்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு. அதுக்கு ஒரு சாக்கு வேண்டாமா? நீ வீட்டுக்குப் போ." திரும்பும்போது கோமதி வீட்டு வாசலில் வடிவின் கால் நின்றுவிடுகிறது. உங்க அப்பாவுக்கு உண்மை தெரியும் என்று எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லவில்லை, நடந்து போய்விடுகிறாள். அதற்கப்புறம் எழுதியவரும் அதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாலை போட்டுக்கொண்ட கழுத்து கூசியது.

சரசு அத்தோடு விடவில்லை. "மைக்கைக் கண்டாலே ஓடற பொண்ணு எதுக்கு வலியப் போய்ப் பேரைக் கொடுத்தாள்னு யோசிச்சேளா?" என்றாள். பத்மாவின் அம்மா சொன்ன கதையை அப்புறம்தான் எனக்குச் சொன்னாள்.

ராஜாத்தியும் பத்மாவும் ஃபோர்ட்டில் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். பத்மா பர்மனென்ட், ராஜாத்தி டெம்பரரி. தினமும் ஒரே வண்டி, ஒரே லேடீஸ் பெட்டி — பம்பாயில் டப்பா என்போம் — மத்தியானம் ஒருத்தி டிபனை மற்றவள் சாப்பிடுவாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு முக்கியமான கடிதம் தப்பான பார்ட்டிக்குப் போய்விட்டது. விலாசத்தை மாற்றிக் கொடுத்தது மானேஜர். பழி ராஜாத்தியின் தலையில். "பக்கத்து சீட்டுல பத்மா பாத்துட்டுதான் இருந்தா, அவளக் கேளுங்க" என்றாளாம் ராஜாத்தி. ஆபீஸே பத்மாவைப் பார்த்தது. பத்மா டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். ராஜாத்திக்கு அன்றைக்கே வேலை போயிற்று. இப்போது செம்பூரில் ஒரு பேக்டரி ஆபீசில் இருக்கிறாள். சயானில் பஸ் பிடித்து எதிர்த் திசையில் போகிறாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

பம்பாயில் சிநேகிதம் என்றால் என்ன? ஒரே ரயில். சண்டை போட்டாலும் மறுநாள் அதே டப்பாவில் இடித்துக்கொண்டு நின்றாக வேண்டும், அதிலேயே கோபம் கரைந்துவிடும். ரயில் மாறிவிட்டால் போச்சு. யாரும் முறிக்காமலே முறிந்துவிடும். எனக்கே அப்படிப் போன சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரே ஊரில்தான் இருக்கிறோம், பார்த்து வருஷக்கணக்காகிறது.

பத்மா வாசகசாலை மேடையில் ஏறியதே ராஜாத்தியின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத்தான். நான் என்ன செய்தேன்? சபை சிரிக்கிற மாதிரி ஜோக் அடித்து அனுப்பிவிட்டேன்.

துண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பத்மா மாடிப்படி அடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பத்மா, நீ சொன்னதுதான் சரி. வடிவு போயிருக்கா. தப்பு எங்க வீட்டுலதான்" என்று காட்டினேன்.

படித்தாள். படிக்கப் படிக்கக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நானும் போனேன் மாமா" என்றாள்.

"எங்கே?"

"மறுநாள். மானேஜர் ரூமுக்கு. 'அட்ரஸ் நீங்கதான் குடுத்தேள், நான் பார்த்தேன்'னு சொன்னேன். 'ஐ நோ'ன்னார். 'உனக்கு உன் வேலை வேணுமா, வேண்டாமா'ன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"அழுதேன். அப்புறம் சீட்டுக்கு வந்து டைப் அடிச்சேன்."

"ராஜாத்திகிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எந்த மூஞ்சியோட சொல்றது மாமா? அவளுக்கு வேலை போயிடுத்து, எனக்கு இருக்கு. இந்த லட்சணத்துல 'உனக்காகப் பேசினேன்'னு போய் நிக்கச் சொல்றேளா? நீங்களும் சொல்லிடாதீங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். வேறென்ன செய்வது?

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே தாராவிக்குப் போனேன். உடம்பில் ஒரு எலும்பு பாக்கியில்லாமல் வலி. சந்துக்குள் சந்து, அதற்குள் ராஜாத்தி வீடு — ஒற்றை அறை, பம்பாய் பாஷையில் கோலி. அவள் அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார், கலர் சோடா வாங்கியாரச் சொல்லுதேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லி, துண்டை ராஜாத்தியிடம் கொடுத்தேன். அது எப்படி எங்கள் அலமாரிக் கதவுக்குப் போயிற்று என்பதையும் சொன்னேன். "என் தீர்ப்பு தப்பும்மா, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பல்பு வெளிச்சத்தில் நின்றபடியே படித்தாள். திருப்பினாள், துவரம்பருப்பைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி இந்தப் பக்கம் திருப்பி, முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"போயிருக்கா சார்."

"ஆமாம்மா."

"போயிட்டு வந்து அவகிட்ட சொல்லவே இல்லியே. கிறுக்கியா இவ?" என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பத்மா போனாளா சார்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டவ்வைப் பார்த்தேன்.

"வாரா வாரம் பத்திரிகையில எழுதுதீங்க... ஒரு பொய் ஒழுங்கா சொல்ல வரலியே சார் உங்களுக்கு" என்றாள் ராஜாத்தி. குரல் உடைந்துவிட்டது. "போயிருக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ அப்படித்தான். இன்ஸ்டிட்யூட்ல எனக்கு ஒரு மாசம் பீஸ் கட்டுனதக்கூட ரெண்டு வருஷம் கழிச்சு மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

துண்டை மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை. சரசுவுக்குத்தான் குக்கர் நிமிஷமெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டதே.

திரும்பி நடக்கும்போது யோசித்தேன். ராஜாத்தி மாதிரி இருப்பவர்களுக்கு வலித்தால் உலகத்துக்கே தெரியும். பத்மா மாதிரி இருப்பவர்களுக்கு வலித்தால் தலையணைக்குத்தான் தெரியும். நாம் நியாயம் சொல்வதெல்லாம் காதில் விழுந்ததை வைத்துத்தானே? நானும் பேசிப் பிழைக்கிற ஜாதி. பேசாதவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இத்தனை வயதுக்கு மேல் அது தப்பு என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன்?

இதில் வருகிற பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று இருவரையும் கேட்டேன். "எம் பேரையே போடுங்க சார், எனக்கென்ன பயம்?" என்றாள் ஒருத்தி. மற்றவள் பதிலே சொல்லவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதனால்தான் மாற்றினேன்.

ஆனால் அது அப்புறம் நடந்தது. புதன்கிழமை காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மாட்டுங்கா ஸ்டேஷன். வழக்கம்போல் கூட்டம், வழக்கம்போல் வண்டி லேட். லேடீஸ் டப்பா நிற்கிற இடத்தில் ராஜாத்தி நின்றுகொண்டிருந்தாள். செம்பூருக்குப் போகிறவளுக்கு இங்கே என்ன வேலை? பத்மா படியிறங்கி வந்தாள், அவளைப் பார்த்தாள், நகராமல் நின்றுவிட்டாள். ராஜாத்திதான் நாலே எட்டில் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? மூணு மாசம்! ஊரெல்லாம் உன்ன ஏசிட்டுக் கெடக்கேன்... மைக்கு வச்சு ஏசியிருக்கேன்... நீ கல்லு மாதிரி கேட்டுட்டு உக்காந்திருக்க! 'நான் போனேன்டி'ன்னு ஒரு வார்த்த சொன்னா முத்தா உதிர்ந்துரும்? சொல்லு! இப்பவும் வாயத் தொறக்க மாட்டியே!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ஒரு மராட்டிக்கார அம்மாள் சண்டையை விலக்கப் போனாள். பத்மா அழுதுகொண்டே அந்த அம்மாளை வேண்டாம் என்று கையால் தடுத்தாள்.

வண்டி வந்தது. "ஏறுளா, லேட்டானா ஒன் மானேஜர் ஒன்னையும் வெளிய அனுப்பிருவான்" என்று பத்மாவை உள்ளே தள்ளிவிட்டு, பின்னாலேயே ராஜாத்தியும் ஏறிக்கொண்டாள். செம்பூர் ஆபீஸ் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

நான் அடுத்த டப்பாவில் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். தாதர் வரைக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு குரல்தான் கேட்டது. மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தாள்...

நன்றாகத் திட்டு, தாயே. வி.டி. ஸ்டேஷன் வருகிற வரைக்கும் நிறுத்தாதே.